க்ளாஸ் ப்ளாக்கை பேரண்ட்ஸ் யாரும் தொறந்தே பாக்குறதில்ல, மூடிரலாமா?

கேள்வி: வணக்கம் சார். வாடிப்பட்டி பக்கத்துல ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளில 7ஆம் வகுப்பு ஆசிரியை நான். ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்தப்ப எங்க க்ளாஸுக்குன்னு கூகுளோட ப்ளாக்கர்ல ஒரு ப்ளாக் ஆரம்பிச்சேன். விழா போட்டோ, வீட்டுப்பாடம், பிள்ளைக எழுதுனது எல்லாம் அதுல போடுறேன். லிங்க்கை பேரண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டா நாலு பேர் கும்பிடு எமோஜி போடுறாங்க, அதோட சரி, யாரும் உள்ள போய்ப் பாக்குறதே இல்ல. இதுக்கு நடுவுல திருப்பூர்ல வேலை பாக்குற ஒரு பிள்ளையோட அப்பா போன் பண்ணி, எம்பொண்ணு படத்தை யாரைக் கேட்டு நெட்ல போட்டீங்கன்னு சத்தம் போட்டுட்டார். அதுலருந்து ஹெச்.எம். சார் இந்த வம்பே வேணாம், வாட்ஸ்அப் குரூப் போதும், மூடிருங்கன்னு சொல்றார். மூடிரலாமா? நடத்தலாம்னா எப்படி நடத்துறது? சொந்தமா டொமைன் வாங்குனா மதிப்பா இருக்கும்னு வீட்டுக்காரர் சொல்றார், அது தேவையா? ப்ளாக் லிங்க் இதோட அனுப்பிருக்கேன். பேர், ஊர் போட வேணாம் சார்.

பதில்:

டீச்சர், மூட வேணாம். ஆனா இப்ப நடத்துற மாதிரி நடத்தவும் வேணாம்.

நீங்க அனுப்புன லிங்க்கைத் தொறந்து முதல் போஸ்ட்லருந்து கடைசி வரைக்கும் படிச்சேன். ஆசிரியர்களுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சி குடுக்குறதுதான் என் வேலைங்கறதால இந்த மாதிரி க்ளாஸ் ப்ளாக் நிறைய பாத்துருக்கேன், முக்கால்வாசி ஒரே சாயல்லதான் இருக்கும். சுதந்திர தின விழா சீரும் சிறப்புமாக நடைபெற்றது, கீழ வரிசையா போட்டோ, எல்லாப் போட்டோலயும் சிறப்பு விருந்தினர் நடுவுல. அப்புறம் பக்கம் 43, கணக்கு 5 முதல் 8 வரைன்னு வீட்டுப்பாடம், அது ஏற்கனவே பிள்ளையோட டைரில இருக்கு. இதையெல்லாம் பேரண்ட்ஸ் எதுக்குத் தொறக்கணும் சொல்லுங்க. கல்யாண மண்டபத்து வாசல்ல வச்ச ப்ளெக்ஸ் மாதிரி அது, வந்தவங்க நம்ம படம் எங்கிட்டு இருக்குன்னு ஒரு தடவை பாத்துட்டு உள்ள பந்திக்குப் போயிருவாங்க. உண்மையைச் சொல்லணும்னா இந்த மாதிரி போஸ்ட் எல்லாம் நாளைக்கு வட்டாரக் கல்வி அலுவலர், அதான் பி.இ.ஓ., வந்து கேட்டா காட்டுறதுக்குன்னு போடுறது, அதை பேரண்ட்ஸ் மோப்பம் புடிச்சிருவாங்க.

ஆனா உங்க ப்ளாக்ல வேறொண்ணு இருக்கு, நீங்களே கவனிக்கலைன்னு நெனைக்கறேன். விழா போட்டோவுக்கும் திருக்குறள் போட்டி முடிவுக்கும் நடுவுல ஒரு பையன் எழுதுன அஞ்சாறு வரி கெடக்கு. அப்படியே எடுத்துப் போடுறேன்:

"ஞாயித்துக்கிழமை நானும் அம்மாவும் பூப்பறிக்கப் போவோம். நெத்தில லைட்டு கட்டிக்கிருவோம். மொட்டா இருக்கும்போதே பறிக்கணும் விரிஞ்சிருச்சுனா யாவாரி எடுக்க மாட்டாரு. எங்க அம்மா பாக்காமலே பறிக்கும் கை தானா போகும். நான் பாத்துப் பாத்துப் பறிப்பேன் அதனால எனக்கு கொஞ்சம்தான் சேரும். பனி பெஞ்சா கை வெறச்சுக்கிரும்."

இதுக்குக் கீழ ஒரே ஒரு கமெண்ட். நீங்க போட்டது. "நன்று".

டீச்சர், மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு வாங்கிட்டாங்க, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல இன்னைக்கு கிலோ என்ன வெலன்னு டிவில சொல்றாங்க, ஆனா அந்த அம்மாவோட கை பாக்காமலே மொட்டுக்குப் போகுதுங்கறதை எழுதுறதுக்கு அந்தப் பையனை விட்டா ஆள் கெடையாது. அவன் எழுதிட்டான். அதை அவங்க அம்மா பாத்தாங்களா? நீங்களும் கேட்டிருக்க மாட்டீங்க, பையனும் சொல்லிருக்க மாட்டான். உங்க ப்ளாக்கை யாரும் பாக்கலைங்கறதுக்கு மொதக் காரணம் இதுதான், வீட்ல இருக்கறவங்களைப் பத்தி வர்ற எழுத்து வீட்டுக்குப் போய்ச் சேரலை, வீட்டுக்குத் தேவையே இல்லாதது மட்டும் வாரம் மூணு தடவை போயிக்கிட்டு இருக்கு.

அதனால நான் சொல்ற மாத்தம் ஒண்ணுதான். வாரத்துக்கு ஒரு போஸ்ட், அது பிள்ளைக எழுதுனதா இருக்கணும், அதுக்கு அடில ஒரு கேள்வி இருக்கணும், அந்தக் கேள்விக்குப் பதில் உங்களுக்கும் தெரியக்கூடாது, புக்லயும் இருக்கக்கூடாது, வீட்ல கேட்டாத்தான் தெரியணும். பூப்பறிக்கற பையன் போஸ்ட்டுக்கு அடில "ஒரு கிலோ மல்லிக்கு எவ்வளவு நேரம் பறிக்கணும்? மார்கழி தைல பூ கம்மியா வர்றது ஏன்?" இப்படிக் கேட்டு விட்டீங்கன்னா அந்த ஊர்ல பாதி வீட்ல பதில் இருக்கு. பனில மொட்டு வராது, வரத்து கொறையும், அதே நேரம் தைல முகூர்த்தம் வந்துரும், வெல ஆயிரக்கணக்குல ஏறிரும்னு ஒரு அம்மா சொல்லுவாங்க, இன்னொரு அம்மா அந்த வெல எங்க கைக்கு வர்றதுக்குள்ள கமிஷன் போகும் வண்டி வாடகை போகும்னு சொல்லுவாங்க, அதை வச்சு மறுநாள் நீங்க சதவீதக் கணக்கு நடத்தலாம், 7ஆம் வகுப்புல அந்தப் பாடம் இருக்கே. பூ வெவகாரம் தெரியாத வீட்டுப் பிள்ளைக்கு வேற கேள்வி குடுங்க, செங்கல் சூளை, கறவை மாடு, மதுரைக்குப் போற மொத பஸ்ல வேலைக்குப் போற அக்கா, எல்லாத்துலயும் கேள்வி இருக்கு.

பதிலை கமெண்ட்டா டைப் பண்ணச் சொல்லாதீங்க. அங்கதான் எல்லாரும் தோக்குறாங்க. கமெண்ட் பாக்ஸைத் தொட்டா கூகுள் சைன் இன் கேக்கும், பாஸ்வேர்டு போன் வாங்குன கடைக்காரத் தம்பிக்குத்தான் தெரியும். அம்மா ஒரு வாய்ஸ் நோட் அனுப்பட்டும், இல்ல பிள்ளை கேட்டு நோட்ல எழுதிட்டு வரட்டும், க்ளாஸ்ல வச்சு பிள்ளையே அதை டைப் பண்ணி போஸ்ட்டுக்குக் கீழ "அம்மா சொன்னது"ன்னு போடட்டும். தமிழ்ல டைப் பண்ணத் தெரியாத பிள்ளைன்னா கூகுள் கீபோர்டுல மைக்கை அமுக்கிப் பேசச் சொல்லுங்க, தமிழ் ஓரளவு நல்லாவே விழும், நம்ம பக்கத்துப் பேச்சு சிலது தப்பா விழும், அதைத் திருத்துறதே ஒரு நல்ல தமிழ் பாடமாயிரும். சொந்தக் குரலை வார்த்தையா பாத்த அம்மா அடுத்த வாரம் தானா லிங்க் கேப்பாங்க.

எழுத்துத் திருத்தத்தைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. ஆகஸ்ட்ல ஒரு பிள்ளை பேர்ல "மல்லிகை மலர்களின் அரசி ஆகும், அது நறுமணம் மிக்கது"ன்னு ஒரு கட்டுரை வந்துருக்கு, 7ஆம் வகுப்புப் பிள்ளை அப்படி எழுதாது, அது நீங்க எழுதுனது, இல்லேன்னா கைடுலருந்து வந்தது. அதிகாரிக பாத்தா தப்பு இருக்கக்கூடாதுங்கற பயத்துல நாமளே மாத்தி எழுதிர்றோம், பிள்ளைக்கும் புரிஞ்சிரும், ஓகோ நம்ம பேச்சு இங்க செல்லாதுன்னு, அதுக்கப்புறம் அது கைடுலருந்துதான் எழுதும். நான் சொல்ற வரைமுறை, எழுத்துப்பிழையை பிள்ளையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு திருத்துங்க, புள்ளி, கமா போடச் சொல்லிக் குடுங்க, "வெறச்சுக்கிரும்"ங்கறதைத் தொடாதீங்க. பரீட்சைல பொதுத்தமிழ்ல எழுதட்டும், இங்க இப்படி எழுதட்டும், ரெண்டும் வேற வேற எடம்னு பிள்ளைகளுக்கு நல்லாவே தெரியும், நமக்குத்தான் கொழப்பம்.

டூர் போயிட்டு வந்து எழுதுறதுக்கும் இதேதான். கீழடி போன போஸ்ட்ல "அருங்காட்சியகம் சென்றோம், கண்டு களித்தோம், வியந்தோம்"னு இருக்கு. 2023 மார்ச்ல தொறந்த மியூசியம், வைகைக் கரைல அத்தனை வருசத்துக்கு முந்தி பொழங்குன சாமான், அங்க பானை ஓட்டுல ஆதன், குவிரன்னு மனுசங்க பேரு கீறியிருக்கறதைக் காட்டிருப்பாங்க. அதை மட்டும் எடுத்துக்கங்க. ஒரு பிள்ளை அந்த ஓட்டைப் பாத்து வரையட்டும், அடில கேள்வி: "உங்க வீட்ல பேர் வெட்டுன பாத்திரம் எது? யாரு பேரு, யாரு குடுத்தது?" நம்ம ஊர்ல எவர்சில்வர் குடத்துல, தூக்குச்சட்டில, சொம்புல பேர் வெட்டாத வீடு உண்டா? தாய்மாமன் சீர் செஞ்சது, காதுகுத்துக்கு வந்தது, செத்துப்போன அப்பத்தா பேரு இருக்கறது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை வரும், பேர் வெட்டுன வருசத்தையும் சில பாத்திரத்துல போட்ருப்பாங்க. கீழடி எதுக்கு முக்கியம்னு நீங்க தனியா சொல்லவே வேணாம்.

இப்ப அந்தத் திருப்பூர் அப்பா வெவகாரம். அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. சத்தம் போட்டது வேணா அதிகமா இருக்கலாம், கேட்ட கேள்வி நியாயமானது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்னு 2023ல ஒண்ணு வந்துருக்கு, அதோட விதிகள் 2025 நவம்பர்ல வந்து படிப்படியா அமலுக்கு வந்துக்கிட்டு இருக்கு. அந்தச் சட்டப்படி 18 வயசு ஆகாதவங்க எல்லாரும் குழந்தை, அவங்க விவரத்தை டிஜிட்டல்ல கையாளணும்னா பெத்தவங்க சம்மதம் வேணும், குடுத்த சம்மதத்தைத் திருப்பி வாங்கிக்கவும் உரிமை உண்டு. சட்டம் கெடக்கட்டும், தூரத்துல இருக்குற மனுசன், பொம்பளப்பிள்ளையை ஊர்ல விட்டுட்டு அங்க ஷிப்ட் பாக்குறவர், யாரோ ஒருத்தர் போன்ல தன் பிள்ளை படத்தைப் பாத்தா எப்படி இருக்கும்?

ஒண்ணு கவனிச்சீங்களா, உங்க ப்ளாக்கை உள்ள போய் நல்லாப் பாத்த ஒரே பேரண்ட் அவர்தான். அவருக்கு நீங்களே போன் பண்ணுங்க, ஹெச்.எம்.மை விட்டுப் பேசச் சொல்லாதீங்க. படத்தை எடுத்துட்டேன்யா, இனிமே யாரோட மொகமும் வராதுன்னு சொல்லுங்க. சொல்றதுக்கு முந்தி உண்மையாவே எடுத்துருங்க, போஸ்ட்டை மட்டும் அழிச்சா பத்தாது, ஏத்துன படம் தனியா தங்கியிருக்கலாம், படத்தோட நேரடி லிங்க் வச்சிருக்கறவங்களுக்குத் தொறக்கும், செட்டிங்ஸ்ல உங்க ப்ளாக்ல ஏத்துன மீடியா இருக்கற எடத்துக்குப் போய் அங்கயும் அழிங்க, குரூப்ல போட்ட படத்தையும் அழிங்க. கூகுள் தேடல்ல பழைய படம் கொஞ்ச நாளைக்குத் தெரியலாம், அதையும் அவர்கிட்ட மறைக்காம சொல்லிருங்க. அதுக்கப்புறம் அவர் பொண்ணு எழுதுனதை, பேர் இல்லாம, அவருக்குத் தனியா அனுப்பிப் போடலாமாயான்னு கேளுங்க. ஊர்ல இருக்குற அப்பாவாச்சும் ராத்திரி பிள்ளை நோட்டைப் பாக்கலாம், அவருக்கு இது ஒண்ணுதான் வழி. எனக்குத் தெரிஞ்சு வெளியூர்ல வேலை பாக்குற அப்பாமாருங்கதான் க்ளாஸ் ப்ளாக்கை விடாமப் படிக்கறவங்க, திருப்பூரு, கோயம்புத்தூரு, கல்ஃப்னு எங்க இருந்தாலும்.

சம்மதச் சீட்டு ஒண்ணு அடிச்சு எல்லா வீட்டுக்கும் குடுங்க, ஆபீஸ் தமிழ் வேணாம், அஞ்சு வரி போதும். பிள்ளை எழுதுனதைப் போடலாமா, மொதப் பேரைப் போடலாமா இல்ல புனைப்பேரா, வரைஞ்ச படத்தைப் போடலாமா, இப்படித் தனித்தனியா டிக் அடிக்க விடுங்க, எப்ப வேணாம்னாலும் எடுத்துருவோம்னு கடைசில எழுதுங்க. படிக்கத் தெரியாத அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டிட்டு அப்புறம் கையெழுத்து வாங்கச் சொல்லுங்க, இல்லேன்னா பிள்ளைகளே கையெழுத்தைப் போட்டுக் குடுத்துரும், தெரியும்ல. பூப்பறிக்கற பையன் எழுத்துக்கும் இப்பவாவது அவங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க, எங்க வீட்டுப் பாட்டை ஊருக்கெல்லாம் சொல்லணுமான்னு நெனைக்கறவங்களும் உண்டு, அவங்க வேணாம்னா வேணாம்தான்.

போட்டோவே கூடாதான்னு கேப்பீங்க. மொகம்தான் கூடாது. கை, நோட்டுப் பக்கம், வரைஞ்ச படம், பின்னாலருந்து எடுத்தது, இதெல்லாம் தாராளமா போடுங்க, நெத்தி லைட்டும் பூக்கூடையும் மட்டும் இருக்கற படம் எந்த க்ரூப் போட்டோவை விடவும் நல்லாருக்கும். போன் கேமரா செட்டிங்ஸ்ல லொக்கேஷனை ஆஃப் பண்ணிட்டு எடுங்க, இல்லேன்னா எடுத்த எடம் படத்துக்குள்ளயே பதிஞ்சிரும். பிள்ளையோட முழுப்பேரு, ஊரு, அது எத்தனை மணிக்கு எந்த வழியா தனியா வரும், இந்த மூணும் எந்தப் போஸ்ட்லயும் சேந்து வரக்கூடாது.

செட்டிங்ஸ் வெரசா சொல்லிர்றேன். கமெண்ட் மாடரேஷன் எப்பவும்ங்கறதை வைங்க, நீங்க பாத்து விட்டாத்தான் வெளில தெரியும். தேடுபொறிக்குத் தெரியணுமாங்கறதை ஆஃப் பண்ணுங்க, ஆனா அது பூட்டு இல்ல, லிங்க் இருக்கற எவனும் தொறக்கலாம், அதுக்காகத்தான் மொகமும் முழுப்பேரும் வேணாம்னு சொன்னேன். ப்ரைவேட்டா வச்சு கூப்பிட்டவங்க மட்டும் படிக்கற மாதிரியும் வைக்கலாம், ஆனா ஒவ்வொருத்தரும் கூகுள் அக்கவுண்ட்ல உள்ள வரணும், நம்ம பேரண்ட்ஸ் வாசல்லயே நின்னுருவாங்க. பிள்ளைகளுக்கு அக்கவுண்ட் தொறக்காதீங்க, கூகுள்ல 13 வயசு ஆகணும், உங்க க்ளாஸ்ல முக்கால்வாசி 12தான். எல்லாம் ஒரே அக்கவுண்ட்லருந்து போகட்டும், அதும் உங்க சொந்த ஜிமெயில் வேணாம், பள்ளிக்குன்னு தனியா ஒண்ணு தொறந்துக்கங்க.

ஹெச்.எம். சாருக்கு வருவோம். வாட்ஸ்அப் குரூப் போதும்னு சொல்றார்ல, அந்த குரூப்ல அத்தனை அம்மாமாரு நம்பரும் எல்லாருக்கும் தெரியுது, அதை யோசிச்சாரான்னு பணிவா கேளுங்க. குரூப்பை அட்மின் மட்டும் மெசேஜ் போடுற மாதிரி மாத்தி லீவு, மீட்டிங், புக் வாங்க வாங்கன்னு அறிவிப்புக்கு மட்டும் வச்சுக்கங்க, குட்மார்னிங் ரோஜாப்பூவும் நிக்கும். அறிவிப்புக்கு வாட்ஸ்அப், எழுத்துக்கு ப்ளாக். போன வருசம் ஒரு பிள்ளை எழுதுனதை வாட்ஸ்அப்ல தேடி எடுக்க முடியுமா, பாதிப் பேர் போன்ல ஸ்டோரேஜ் ஃபுல்லுன்னு அழிச்சிருப்பாங்க.

அவருக்கு உள்ளுக்குள்ள வேற பயம் இருக்கும், அதை வெளிய சொல்ல மாட்டார். பிள்ளைக சத்துணவுல புழு இருந்துச்சு, பாத்ரூம்ல தண்ணி வரலைன்னு எழுதிட்டா என்ன பண்றது. இதுக்கு அவர்கிட்ட ஸ்காட்லாந்துல நடந்ததைச் சொல்லுங்க. 2012ல மார்த்தா பெய்ன்னு 9 வயசுப் பொண்ணு, தினமும் பள்ளிக்கூடத்துல போடுற மத்தியானச் சாப்பாட்டைப் போட்டோ எடுத்து, மார்க் போட்டு ப்ளாக் எழுதிக்கிட்டு இருந்துச்சு, அவங்க அப்பா கூட ஒத்தாசை. அங்கிட்டு இருந்த உள்ளாட்சிக் கவுன்சில் கடுப்பாகி ஜூன்ல போட்டோ எடுக்கக்கூடாதுன்னு தடை போட்டுச்சு. அவ்வளவுதான், நாடு பூரா செய்தியாகி மறுநாளே தடையை எடுக்க வேண்டியதாப் போச்சு. அடுத்த சில நாள்ல அந்தப் பொண்ணு ஆப்பிரிக்கால மலாவி நாட்டுப் பள்ளிப் பிள்ளைக சாப்பாட்டுக்குன்னு திரட்டிக்கிட்டு இருந்த நிதி லட்சம் பவுண்டைத் தாண்டிருச்சு. கவுன்சிலுக்குக் கெட்டபேரு சாப்பாட்டால வரலை, தடையால வந்துச்சு. இருந்தாலும் நம்ம நெலமை வேற, நீங்க 1973ம் வருச அரசுப் பணியாளர் நடத்தை விதிக்குக் கட்டுப்பட்டவங்க, அதனால கொறை சொல்ற எழுத்து வந்தா போஸ்ட்டா போடாம மொதல்ல ஹெச்.எம். மேசைக்குக் கொண்டு போங்க, தண்ணி வரலைன்னா அதை பிள்ளைக கையால மனுவா எழுதி பள்ளி மேலாண்மைக் குழுவுல குடுக்கச் சொல்லுங்க. தண்ணி வந்ததுக்கப்புறம் எப்படி வந்துச்சுன்னு போஸ்ட் போடலாம்.

மேலாண்மைக் குழுன்னதும்தான், அனுமதியை அங்கயே வாங்குங்க. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவுல முக்கால்வாசி பேரண்ட்ஸ், பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்துல ஸ்மார்ட் போர்டுலயோ டேப்லயோ அந்தப் பூப்பறிக்கற போஸ்ட்டை வாசிச்சுக் காட்டுங்க, அவங்க அம்மா சரின்னு சொல்லிருந்தா, முடிஞ்சா அவன் வாயாலயே. அதுக்கப்புறம் தீர்மானப் புத்தகத்துல நாலு வரி, மொகம் போட மாட்டோம், சம்மதம் வாங்கித்தான் போடுவோம், வாரம் ஒண்ணுன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டீங்கன்னா ஹெச்.எம்.மும் நிம்மதியா இருப்பார், நீங்களும் தனியாளா மாட்டிக்கிற மாட்டீங்க.

லிங்க் போடுற நேரமும் முக்கியம். நீங்க காலைல 10 மணிக்குப் போடுறீங்க, அப்ப ஒருத்தர் காட்டுல இருக்கார், ஒருத்தர் சைட்ல இருக்கார், போன் அவர்கூடப் போயிருச்சு. ராத்திரி ஏழரை, எட்டு, பிள்ளையும் போனும் ஒரே வீட்ல இருக்கற நேரம். பிள்ளைக்கு வீட்டுப்பாடமே "வீட்ல வாசிச்சுக் காட்டி கேள்விக்குப் பதில் வாங்கிட்டு வா"ங்கறதுதான், அம்மா படிக்கத் தெரியாதவங்கன்னா பிள்ளை வாசிக்கும், அதுலயே உங்களுக்கு வாசிப்புப் பயிற்சியும் முடிஞ்சிரும். போனே இல்லாத வீட்டை மறந்துராதீங்க, மாசத்துக்கு ஒரு தடவை நல்ல எழுத்தா ரெண்டை ஏ4ல ப்ரிண்ட் போட்டு பள்ளிக்கூட கேட்லயும் ரேஷன் கடைச் செவுத்துலயும் ஒட்டுங்க, மூலைல ஒரு க்யூஆர் கோடு, பாடப்புத்தகத்துல பாத்துப் பழகுனதுதான், பிள்ளைகளே ஸ்கேன் பண்ணிக் காட்டும். டீக்கடைல ஒட்டலாமான்னா ஒட்டலாம், ஆனா ரெண்டு நாள்ல வடை மடிக்கப் போயிரும்.

வீட்டைத் தாண்டி வாசகர் வேணும்னா இன்னொரு வழி. இங்கிலாந்துல போல்டன்ல ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர் செஞ்ச ஏற்பாடு இது, நாலு க்ளாஸ் சேந்துக்கிறது, ஒரு வாரம் ஒரு க்ளாஸ் எழுதுனதை மத்த மூணு க்ளாஸும் படிச்சுக் கருத்து எழுதும், அடுத்த வாரம் அடுத்த க்ளாஸ். உங்க ஆசிரியர் பயிற்சில பழகுன டீச்சருங்க மூணு பேரைப் புடிங்க, மேலூர் பக்கம் அரிட்டாபட்டிகிட்ட ஒண்ணு, கீழடிகிட்ட ஒண்ணு, மதுரைக்குள்ள தெப்பக்குளம்கிட்ட ஒரு மாநகராட்சிப் பள்ளி. மல்லிப்பூ தெரியாத டவுன் பிள்ளை கேக்குற கேள்விக்கு உங்க பயலுக பதில் எழுதுற வேகத்தைப் பாருங்க. ஒரே ஒரு கண்டிஷன், "சூப்பர்", "அருமை", "வாழ்த்துகள்" இந்த மூணும் கமெண்ட்ல தடை. எழுதுனதுல எது புடிச்சுச்சோ அதை எடுத்துச் சொல்லணும், ஒரு கேள்வி கேக்கணும். "நன்று"ம் தடைதான் டீச்சர்.

நேரம் எங்க இருக்குன்னு கேப்பீங்க, பள்ளிக்கல்வித் துறையோட ஆன்லைன் பதிவு எமிஸ்ல விவரம் ஏத்துறதுக்கே பொழுது பத்தலைன்னு தெரியும். அதுக்குத்தான் வாரம் ஒண்ணு. வாரம் நாலு பிள்ளை பொறுப்பு, ஒண்ணு தேர்ந்தெடுக்கும், ஒண்ணு டைப் பண்ணும், ஒண்ணு பிழை பாக்கும், ஒண்ணு படம் எடுக்கும், கடைசில நீங்க படிச்சுட்டு பப்ளிஷ் அமுக்குறது மட்டும்தான். அப்புறம் உங்களுக்கு டிரான்ஸ்ஃபர் வந்தா ப்ளாக் அநாதையாயிரும், எத்தனையோ பள்ளி ப்ளாக் அப்படித்தான் கெடக்கு, பாஸ்வேர்டு கவுன்சிலிங்ல கெளம்பிப்போன டீச்சரோடயே போயிருச்சு. இப்பவே இன்னொரு ஆசிரியரையும் அட்மினா சேத்துருங்க, வருசக் கடைசில செட்டிங்ஸ்ல பேக்கப் எடுத்து பள்ளிக் கம்ப்யூட்டர்ல போட்டு வைங்க.

இந்த வாரம் என்ன பண்ணலாம்னா, ப்ளாக்கை எழுதுறவங்களுக்கு மட்டும் தெரியற மாதிரி மாத்தி வச்சுட்டு மொகம் இருக்கற போட்டோ எல்லாத்தையும் எடுங்க, திருப்பூருக்குப் போன் போடுங்க, சீட்டு அடிச்சு விடுங்க. மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிஞ்சதும் தொறங்க, சம்மதம் கெடச்சிருந்தா பூப்பறிக்கற போஸ்ட்தான் மொதல்ல இருக்கணும்.

டொமைன் வேணாம். வீட்டுக்காரர் ஆசைப்படுறது புரியுது, ஆனா ப்ளாக்கர் 1999லருந்து இருக்கு, 2003ல கூகுள் வாங்குனதுலருந்து இன்னைக்கு வரைக்கும் காசில்லாமதான் ஓடுது, உங்களுக்கு அதுவே தாராளம். டொமைனுக்கு வருசா வருசம் உங்க கைக்காசு போகும், ஒரு வருசம் கட்ட மறந்தீங்கன்னா அந்தப் பேரை வேற எவனாவது வாங்கி ரம்மி விளம்பரம் போட்டுருவான், நீங்க ரேஷன் கடைல ஒட்டுன க்யூஆர் கோடு நேரா அங்க போய் நிக்கும். அந்தக் காசுக்கு க்ளாஸுக்கு ஒரு நெத்தி லைட்டு இல்ல, நல்லதா ஒரு மைக் வாங்குங்க, அம்மாமாரு குரலைப் பதியறதுக்கு ஆகும்.